அம்மாவுக்குக் கேட்கும் தூரம்

அறிவியல் கண்காட்சி அறிவிப்பு வந்ததும் இப்போதும் எங்கள் பள்ளியில் தெர்மாகோல் எரிமலைகள் முளைத்துவிடும். கடையில் வாங்கியவை, அப்பாக்கள் ஒட்டிக் கொடுத்தவை. எனக்கோ மாடலே இல்லாமல் வந்த ஒரு மாணவியின் நினைவுதான் வரும்.

அப்போது நான் ஆத்தூர்ப் பக்கமிருந்து குமாரபாளையம் பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி, ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பள்ளி விட்டால் மறுநாள் காலைவரை பேச ஆளில்லை. தெருவெங்கும் விசைத்தறிச் சத்தம் மட்டும். எட்டாம் வகுப்பில் அவளும் என்னைப் போலத்தான். தனியாகவே உட்கார்ந்து சாப்பிடுவாள். கண்காட்சிக்கு மாடல் வேண்டாம், உங்களிடம் இருக்கும் கேள்வியைக் கொண்டு வாருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். எல்லாரும் போனபிறகு வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், எங்கம்மா நான் கூப்புட்டாத் திரும்பறதே இல்லீங்க. எம்மேல என்ன கோவம்னு கண்டுபுடிக்க முடியுங்களா?"

அப்பா இல்லாத வீடு. அம்மா பகலெல்லாம் தறிப் பட்டறையில் நிற்பவர்.

"கோபத்தை அளக்க முடியாதும்மா. வேற எதை அளக்கலாம், யோசி" என்றேன். எனக்கு விடை புரிந்துவிட்டது. ஆனால் அது அவளாகப் போய்ச் சேரவேண்டிய இடம். சில நாள் கழித்து, "காது கேக்குதான்னு அளக்கலாங்களா?" என்று வந்தாள். எல்லாருக்கும் ஒரே சத்தம்தானா? கண் திறந்திருந்தால் பார்த்தே சொல்லிவிட மாட்டார்களா? தறிக்குப் போகாதவர்களையும் சோதிக்க வேண்டாமா? நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வழியை அவள் தேடினாள்.

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுச் சந்தில் ஒரு நாற்காலி போட்டோம். உட்காருபவர் கண்ணை மூடிக்கொள்வார். மேசைக் கடிகாரத்தோடு அவள் பின்னால் விலகி நடப்பாள். டிக் டிக் கேட்காமல் போனதும் அவர் கை தூக்கவேண்டும்; அங்கே ஒரு சாக்பீஸ் கோடு. மளிகைக்கடைக்காரருக்கு அடுத்த வாசல்வரை கேட்டது. தறிக்காரர்களின் கோடுகள் கிட்டத்திலேயே நின்றுவிட்டன. கடைசியாக அம்மா உட்கார்ந்தார். மகள் ஓரடி பின்வாங்குமுன்பே கை உயர்ந்துவிட்டது.

குனிந்து கோடு போட்டவள் எழவே இல்லை. "கோவமே இல்லீங்க டீச்சர். இத்தன நாளும் கோவமே இல்லீங்க."

அம்மா கண்ணைத் திறந்து, "என்ன சாமி, நான் பாஸா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். போன காது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லிக் காதடைப்பான் கொடுத்தார்கள். நாமக்கல் கண்காட்சியில் நடுவர், "மாடல் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். விளக்கு மின்னிய மேசைக்குப் பரிசு போனது. பஸ்ஸில் எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அவள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாள். மறுவருடம் எனக்கு மாற்றல் வந்தது. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, தெரியாது.

கண்காட்சி முடிந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அம்மாவின் பட்டறைக்கு ஓடினாள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் அம்மாவைப் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. சுற்றிப்போய் எதிரில் நின்று அம்மாவின் கையைத் தொட்டாள். அந்த இரைச்சலில் இருவரும் உதட்டசைவிலேயே பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் அறையை நோக்கி நடந்தேன்.