மச்சான் துப்புரவாக்கிய மேய்ச்சல் நிலம்

என் முதலாளி டேவ் காலைத் தேநீருக்கு முன்னால் புல்லைத் தின்று பார்க்கிறார். பொய்யில்லை. நியூசிலாந்தின் தென்தீவில் இந்தப் பால் பண்ணைக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், மனிதர் மேய்ச்சல் நிலத்தில் முழங்காலிட்டுக் குனிவதைப் பார்த்து, தொழத்தான் போகிறார் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றேன். அவரோ ஓர் இலையைக் கிள்ளி மென்றுவிட்டு, "நாளைக்கு மாடுகளை இங்கே விடலாம்" என்றார்.

இங்கே மாட்டுக்கு வெறும் புல் போடுவது கௌரவக் குறைச்சல். ரை புல், குளோவர், சிக்கரி என்று ஒரே நிலத்தில் பன்னிரண்டு வகை விதைக்கிறார்கள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோமே, அப்படித்தான் இவையும் ஒரே மண்ணில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் வேர் மேலோட்டம், மற்றதன் வேர் ஆழம். ஒன்று வெயிலுக்குச் சுருண்டால் இன்னொன்று எழும்பும். மாடுகள் பாதியைத் தின்றதும் மின்வேலிக் கம்பியை நகர்த்தி அடுத்த துண்டுக்கு விட வேண்டும். மீதிப் பாதி மண்ணுக்குப் போர்வை. மாடுகளுக்கு இத்தனை விருந்து, எனக்கு மத்தியானம் பாணும் சீஸும். பன்மைத்துவம்தான் எதிர்காலம் என்று டேவ் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்கிறார். பக்கத்து டவுனில் ஒருவர் ஹலால் கடை போட இடம் கேட்டபோது மட்டும், ஊரின் அமைதி கெட்டுப்போகும் என்று ஊர்க் கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கினார். அவருடைய பன்மைத்துவம் புல்லோடு சரி.

நான் சிரிக்கக் கூடாது. இலங்கையில், எங்கள் ஊர் கனமூலையில் என் மனைவி றம்சியாவின் சீதனக் காணி இருக்கிறது. தென்னைக்குக் கீழே மணல், மணலுக்கு மேலே வெயில், அதில் கட்டியிருக்கும் இரண்டு பசுக்கள். இறால் பண்ணையில் நோய் வந்து என் வேலை போனதால்தான் நான் இந்தக் குளிருக்கு வந்தேன். இங்கே பார்த்ததை அங்கே செய்தால் என்ன என்ற பித்து எனக்குப் பிடித்தது. மாரி மழை தொடங்கியதும் தென்னைகளுக்கு நடுவே கௌப்பி, சணல், சோளம், கினிப் புல் எல்லாவற்றையும் கலந்து விதைக்கும்படி போனில் சொன்னேன். மழை விட்டதும் துண்டு துண்டாக அடைத்து மேய்த்தால், கோடையிலும் மண் காயாது, மாடும் காயாது.

"புல்லு கோடைக்கும் காணுமெண்டா, லீவுல வந்தா நீங்க திரும்பிப் போகத் தேவல்லதானே?" என்று றம்சியா கேட்டாள்.

"ஓம், தேவல்ல" என்றேன். அதற்காகத்தான் அவள் தன் கையாலேயே விதைத்தாள்.

பிறகு அவள் அனுப்பிய வீடியோக்களை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இடுப்பளவு பச்சை, சணலில் மஞ்சள் பூ, பூவெல்லாம் தேனீ. லீவு எழுதிக் கொடுத்தபோதே டேவிடம், அநேகமாகத் திரும்பி வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு றம்சியாவின் நானா, அவளுடைய அண்ணன் நிசாம் மச்சான் வேன் கொண்டு வந்திருந்தார். தங்கமான மனிதர். சிலாபம் தாண்டும்வரை என்னைப் பார்ப்பதும் தனக்குத் தானே சிரிப்பதுமாக இருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் கையை விரித்துக் காட்டினார். காணியில் ஒரு இலை இல்லை. டிராக்டர் போட்டு உழுது, வேரை வாரிக் கொளுத்தி, மணலைக் கூட்டி, தென்னை மரங்களுக்கு இடுப்பளவு வெள்ளையும் அடித்திருந்தார்.

"பாருங்க மச்சான். சோறு போட்டுத் தின்னலாம்."

தின்னலாம்தான். மாடு சோற்றை மட்டும் தின்று வாழுமா?

எங்கள் பக்கத்தில் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வந்தால் காணி வெள்ளை வெளேரென்று கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. றம்சியா கதவுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள்: "நான் வேணாண்டு எவ்வளவோ சொன்னன். மாப்புள வார நேரம் காணி காடாக் கெடந்தா எங்களுக்குத்தானே வெக்கம் எண்டாங்க."

மச்சானின் உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது. "நல்லா இரிக்கிது மச்சான்" என்றேன். மழையும் முடிந்துவிட்டிருந்தது. இனி விதைத்தால் குருவிதான் தின்னும்.

வருகிறவர்கள் எல்லாம் காணியைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு, மாடி எப்போது கட்டுவதாக உத்தேசம் என்று கேட்டார்கள். நான் இனி மாடு வளர்க்கத்தான் போகிறேன் என்றபோது, பயணக் களைப்பு என்று எனக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். லீவு முடிவதற்குள் பசுக்களின் விலா எலும்பு தெரியத் தொடங்கியது. வைக்கோலுக்கு அலைந்தோம். றம்சியா என் குளிர் உடுப்புகளைத் துவைத்துக் காயப்போட்டாள்.

பண்ணைக்குத் திரும்பி வந்ததும் டேவிடம் காணியின் புதுப் படத்தைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சூறாவளியா?" என்று கேட்டார்.

"இல்லை. எனக்கு வரவேற்பு."

என் ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். தோளில் தட்டிக் கொடுத்து, அரசாங்கம் ஏதாவது உதவி செய்ததா என்று விசாரித்தார்.

நேற்றுப் பின்னேரம் மின்கம்பியை நகர்த்திக்கொண்டிருந்தபோது றம்சியா வீடியோவில் வந்தாள். அங்கே காலை, அவள் மாட்டடியில் நின்றாள். "உங்கட மொகத்தப் பொறகு பாக்குறன். புல்லக் காட்டுங்க" என்றாள். போனைத் திருப்பினேன். அங்கே அவள் பக்கத்தில் நின்ற எங்கள் சிவப்பிப் பசு தலையை நீட்டி அவள் போனின் திரையை நக்கியது. எனக்கு அதன் நாக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"விடுடி, அது எங்கட புல்லில்ல. ஊரான்ட புல்லு" என்று அவள் பசுவை விலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஊரான் புல்லுக்கு நடுவில், முழங்காலளவு பச்சையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.