மூக்கில்லாத கத்தி

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. விட்டு விட்டுத் தூறல். ஊத்துக்கோட்டையில் ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநரின் வீட்டு வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். அவரை வெட்டியவன் ஜெயிலில் இருந்தான். வெட்டிய கத்தியைச் செய்தவன் நான்.

கும்மிடிப்பூண்டியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. வேலைக்கு ஐந்து பேர். லாரியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்து வெட்டுக்கத்தி செய்கிறோம். கழுத்தில் எங்கள் முத்திரை, இரட்டைப் புள்ளி. ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி முறைக்காக வந்த சண்டையில் ஒருவன் எங்கள் கத்தியை எடுத்து இவர் கையில் வெட்டிவிட்டான். போலீஸ் என்னிடம் வந்து மொத்த வியாபாரி யார் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனது. ஓட்டுநரின் வக்கீல்தான் விடவில்லை. நஷ்டஈட்டு வழக்கில் என்னையும் சேர்ப்பதாகச் சொல்லியனுப்பினார். வெளிநாட்டில் துப்பாக்கி செய்கிறவர்களையே கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள், கத்திக்காரர் எம்மாத்திரம் என்றாராம். வழக்கு வந்தால் பட்டறை போய்விடும்.

பஸ்ஸில் நான்கு நியாயங்களை மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். உலக்கையால் அடித்தால் தச்சனையா பிடிப்பார்கள் என்பது அதில் முதலாவது.

ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது முன்கை முழுக்கக் கட்டு.

"இன்னா பெரியவரே, கைய பாக்க வந்தீங்களா, கத்திய பாக்க வந்தீங்களா?"

"கையைத்தான் தம்பி. விரல் மடங்குதா?"

"ரெண்டு மடங்குது. ஆக்ஸிலேட்டர் முறுக்க நாலும் வோணும். உக்காருங்க. நாஷ்டா ஆச்சா?"

ஆயிற்று என்றேன். அவர் மனைவி கேட்காமலே இரண்டு இட்லி வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே என் நியாயங்களைத் தொடங்கினேன். மூன்றாவதில் ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

"அட இரு நைனா! என் சீட்டுக்கு அடியில கூட உன் கத்திதான் கீது. மழையில ரோட்டுல மரம் சாஞ்சா அதான் கை குடுக்குது. வக்கீலாண்ட சொல்லிட்டேன், உன்ன சேக்காதன்னு. உன்ன இழுத்தா வெட்னவன் கம்முனு உம்பின்னால ஒளிஞ்சிக்குவான்."

தண்ணீர் குடித்தேன். நன்றி சொல்ல வாய் திறந்தபோது அவர் மனைவி ஆட்டோவிலிருந்து அந்தக் கத்தியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது, நுனி கிளி மூக்குபோல் வளைந்திருந்தது.

"இதுக்கு மூக்கு கீது சார். கிளைய வெட்டி, மூக்கால இழுத்துப் போட்டுடுவாரு. ஸ்டேஷன்ல காட்னாங்களே, அதுக்கு மூக்கே இல்ல. நீட்டா, நேரா இருந்துச்சி. அது இன்னாத்துக்கு சார் செய்றீங்க?"

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மொத்த வியாபாரி கேட்டான், செய்தேன். மூக்கு வேண்டாம், நாலு விரல் நீளம் கூட்டுங்கள், பசங்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்றான். பசங்கள் எந்த மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மிச்சமிருந்த நான்காவது நியாயத்தை விட்டுவிட்டேன்.

மூக்கு வைத்த கத்திக்கு எவனாவது என்னைப் பிடித்தால் இன்றும் சட்டம் பேசுவேன். மூக்கில்லாததற்குப் பேச மாட்டேன். அது வேலைக்கென்று செய்தது அல்ல.

"இனிமே செய்ய மாட்டேம்மா" என்றேன்.

வைத்தியச் செலவுக்கென்று கொண்டுபோன பணத்தை ஓட்டுநர் தொடவில்லை. "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான், டப்பு ஒண்ணும் ஆவல. இத்த எடுத்துகினு போயி சாணை புடிச்சிக் குடு, போதும்" என்று தன் கத்தியை நீட்டினார். வெட்டுப்பட்ட மனிதர் என் கையில் கத்தியைக் கொடுக்கிறார். அதைச் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வியாபாரியிடம் விற்காமல் இருந்த மூக்கில்லாத கத்திகளைத் திரும்ப வாங்கினேன். பட்டறையில் இருந்ததோடு சேர்த்து அறுபத்து நான்கு. எல்லாவற்றையும் உலையில் போட்டு, நீளத்தை வெட்டி, மூக்கு வளைத்தோம்.

பொங்கல் கழித்துச் சாணை பிடித்த கத்தியோடு போனபோது, ஓட்டுநர் என்னைத் தன் ஆட்டோவிலேயே பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அவர் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று விரல்கள் முறுக்கின. நான்காவது சும்மா கூட இருந்தது. எவ்வளவு கேட்டும் சவாரிக்குக் காசு வாங்கவில்லை.

அது போக, கரி, கூலி, வியாபாரிக்குத் திருப்பிக் கொடுத்தது, இரண்டு முறை பஸ், எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இருபத்து மூவாயிரத்து எழுநூற்று எண்பத்தாறு ரூபாய்.