குதிரைக்காரன் காசு

உள்ளங்கையில் வைத்ததும் அந்தக் காசு சில்லிட்டது; எங்கள் மலையூரான வில்பட்டியின் மார்கழிக் குளிரைவிடப் பழைய குளிர் அது என்று எனக்குத் தோன்றியது. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் பஸ் ஓட்டிய அப்பா, பழனியில் ஒரு வெள்ளிப் பட்டறையில், பழைய கொலுசு, அரைஞாண்களோடு உருக்க வரும் ஐரோப்பிய வெள்ளிக் காசுகளை எடைக்கு வாங்கிச் சேர்த்தார். வீட்டில் அவற்றுக்குச் "சீமைக்காசு" என்று பெயர். அன்று கொண்டுவந்தது சில நூற்றாண்டுகளுக்கு முன் டச்சுக்காரர்கள் அடித்தது. வாளோங்கிய குதிரைக்காரன், அவன் தலைக்கு மேலே ஓர் ஓட்டை.

அம்மா ஓட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"புள்ள கழுத்துல கெடந்து தேஞ்ச காசுங்க இது. நல்லா இருக்குற புள்ளகிட்டருந்து எவ கழட்டுவா?"

"அந்தப் புள்ள வளந்து பேரன் பேத்தியே எடுத்திருக்கும். நீ வேற!" அப்பா சிரித்தார்.

தொட்டிலில் தம்பி கக்குவான் இருமலில் திணறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இருமலுக்கும் அம்மா காசு இருந்த அலமாரியைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். வாசலில் மூடுபனி ஏறும்போதெல்லாம் வெறுங்கழுத்தோடு ஒரு குழந்தை கதவோரம் நிற்பதாகப் பட்டு, தொட்டிலை ஒட்டிப் படுத்துக்கொள்வேன்.

தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அம்மா அழவில்லை. "வெள்ளனே வண்டி எடுக்கப் போறப்ப அந்தக் காசையும் கொண்டு போயிருங்க" என்றாள். அப்பா வாதாடவில்லை. பட்டறைக்காரர் தன் கண்ணெதிரே அதை மூசையில் போட்டு உருக்கிவிட்டதாக மறுநாள் அப்பா வந்து சொன்னார். அதன்பின் அவர் காசே வாங்கவில்லை.

தம்பி தேறினான். அம்மாதான் தேறவில்லை. எங்கே கொலுசுச் சத்தம் கேட்டாலும், "அந்த வெள்ளி எந்தப் புள்ள கால்ல கெடக்கோ" என்பாள். "உருக்குனதுக்கு அப்புறம் என்னடி இருக்கு அதுல?" என்று அப்பா அதட்டுவார், குரலில் பலம் இருக்காது.

இன்று அப்பா இல்லை, அந்தப் பட்டறையும் இல்லை, சீமைக்காசுகளைப் படத்தில்தான் பார்க்கிறேன். என் மகளுக்கு நாத்தனார் பழனியிலிருந்து கொலுசு வாங்கிவந்தபோது, வெள்ளிக்கு ஞாபகம் கிடையாது, நீ படித்தவள் என்று எனக்கு நானே சொல்லி மாட்டிவிட்டேன். ஆனாலும் அடுத்த அறையில் சத்தம் நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

இப்போது கொலுசு இறுகிவிட்டது. கணுக்காலில் தடம் விழுகிறது. "மருமக வளந்துட்டா மதினி, கழட்டிக் குடுங்க, பழசப் போட்டுப் பெருசா எடுத்துருவோம்" என்கிறாள் நாத்தனார். அந்தக் காசைப் போட்டிருந்த பிள்ளையும் வளர்ந்திருக்கும் என்று அன்று அப்பா சொன்னதும் இதைத்தானே. திருகில் விரலை வைக்கிறேன். மகள் காலை உதறிச் சிரிக்கிறாள். நாளைக்குக் கழற்றிக்கொள்ளலாம் என்று இன்றும் விட்டுவிட்டேன்.