ஞாயிறு காலைக் காட்சிக்கு ஒட்டிய தாள்

எழுபதுகளின் சினிமா போஸ்டர்களை மட்டும்தான் சேர்க்கிறேன். ஸ்டூடியோவின் அட்டைச் சுவர்களை உதறிவிட்டு கேமரா வரப்பில் இறங்கி நடந்த பத்து வருஷம். மும்பையில், என் செம்பூர் வீட்டில் கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால், சுருள் சுருளாகக் கிடக்கிறது. அது முடியும்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தவன். பார்க்காத காலத்தின்மேல் ஏன் இந்தப் பித்து, தெரியவில்லை.

போன மாதம் தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒரு போஸ்டர் கொடுத்தார். எனக்கென்று இல்லை, மடிப்பில் கிழிந்ததை ஒட்டிச் சரிசெய்து தர. மாட்டுங்காவில் தமிழ்ப்படம் ஞாயிறு காலை மட்டும் ஓடிய நாட்களில் போஸ்டர் ஒட்டியவர் அவர். மெட்ராஸிலிருந்து அச்சாகி வருவதன் அடியில், இங்கே எந்தத் தியேட்டர், எத்தனை மணி என்று கையால் எழுதிய வெள்ளைத் தாள் ஒன்றையும் ஒட்டுவார்கள். இதிலும் இருந்தது, நாயகனின் முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு.

என்னைப் போல் சேர்க்கிறவர்களுக்கு அது அழுக்கு. பஞ்சை வெந்நீரில் நனைத்து ஒற்றினேன். மைதாப் பசை இளகியது. நீல மை ஓடியது. தாள் கூழாகி விரலோடு வந்தது. அடியில் பளிச்சென்று செருப்பில்லாத இரண்டு பாதங்கள். அன்று முழுக்க ஒரே சந்தோஷம்.

பாய் வந்து பார்த்தார்.

"கீழ ஒரு காயிதம் இருந்துச்சே தம்பி?"

"எடுத்துட்டேன் பாய். இப்பத்தான் முழுசாத் தெரியுது."

"முழுசா." தாள் இருந்த இடத்தை விரலால் தடவினார். "அது எங்க வீட்டுல எழுதினது. எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. அவ எழுதுவா, நான் ஒட்டுவேன். மௌத்தாயி மூணு வருஷம் ஆச்சு. அவ கையெழுத்து வேற எங்கயும் இல்ல."

தாள் கரைந்த தண்ணீரை எப்போதோ கொட்டியிருந்தேன். "நான் எழுதித் தரட்டுமா பாய்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் மறுக்கவில்லை. நீல மையில் 'ஞாயிறு காலை ஒன்பது மணி' என்று எழுதிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எந்தச் செவுத்துல ஒட்ட?"

கோபமா, கிண்டலா? அதற்குள் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

"இது உங்களுக்குத்தான் வேணும். வச்சிக்கிடுங்க."

கொடுத்தாரா, தண்டித்தாரா? என் கிறுக்கலை எதற்கு எடுத்துப்போனார்? மாட்டவும் மனமில்லை, சுருட்டவும் மனமில்லை. போஸ்டர் கட்டில்மேல் விரிந்து கிடக்கிறது. நான் தரையில் படுக்கிறேன்.