ஜன்னல் துவாரத்தில் கம்பளிக் காலுறை

சோல்நோக் நகரில், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பிரோஷ்காவுக்கு அறுபத்து நான்கு வயது. திருடனுக்குப் பயப்பட மாட்டாள், நோய்க்கு அவ்வளவாகப் பயப்பட மாட்டாள், கணவன் வெந்தெலுக்குச் சுத்தமாகப் பயப்பட மாட்டாள். அவள் பயந்ததெல்லாம் இடுக்குக் காற்றுக்குத்தான். கதவடியில் நுழைந்து ஜன்னல் விளிம்பில் வெளியேறுமே, அந்தச் சன்னக் காற்று.

அந்த ஊரில் எல்லோருக்குமே அந்தப் பயம் கொஞ்சம் உண்டு. கழுத்து பிடித்தால் காற்று, காது வலித்தால் காற்று, பல் கூசினாலும் காற்றுதான். ஜூலை வெயிலில்கூடப் பேருந்து ஜன்னலைத் திறப்பவனை எல்லோரும் முறைப்பார்கள். ஆனால் பிரோஷ்கா அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவள். தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், கவுண்டர் கண்ணாடியின் ஓட்டையில் சால்வையைத் திணித்து வைத்திருந்தாள். தபால்தலை வாங்க வந்தவர்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயம் எங்கே பிடித்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு ஏழு வயது. ஜனவரிக் குளிர். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தொட்டிலில் ஐந்து மாதத் தம்பி கெர்கெய். கணப்படுப்பு திடீரென்று புகையை மேலே அனுப்பாமல் அறைக்குள் கக்கியது. கண் எரிந்தது, தம்பி இருமினான். அவள் முக்காலி போட்டு ஏறி ஜன்னலைத் திறந்தாள். மறுநாள் குழந்தைக்கு மார்ச்சளி, அந்த வாரமே போய்விட்டான். "யாரு ஜன்னலைத் திறந்தது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிரோஷ்கா வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஜன்னல்களை மூடிக்கொண்டே இருந்தாள்.

போன இலையுதிர் காலத்தில் கட்டடம் முழுக்கப் பழைய மர ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு, ரப்பர் விளிம்பும் இரட்டைக் கண்ணாடியும் வைத்த புது ஜன்னல்கள் மாட்டினார்கள். பிரோஷ்காவுக்குச் சொர்க்கம். ஆனால் குளியலறைச் சுவரில் தொங்கிய பழைய எரிவாயு பாய்லர் மட்டும் மாறவில்லை.

டிசம்பரில் புகைபோக்கிக்காரன் லோராந்த் சோதனைக்கு வந்தான். கறுப்பு உடுப்பு, தோளில் தூரிகை. அவனைக் கண்டதும் பிரோஷ்கா தன் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டாள். புகைபோக்கிக்காரனைப் பார்த்துப் பித்தானைப் பிடித்தால் நல்லது நடக்கும் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"பிரோஷ்காம்மா, இந்த பாய்லர் உங்க வீட்டுக் காத்தைக் குடிச்சுத்தான் எரியுது" என்றான் அவன். "பழைய ஜன்னல்ல ஆயிரம் இடுக்கு, கவலையில்ல. இது புதுசு, எறும்பு போக வழியில்ல. அதனாலதான் சமையக்கட்டு ஜன்னலுக்கு மேல அந்த நீளத் துவாரம் வெச்சிருக்கு. அதை மட்டும் தயவுசெஞ்சு அடைச்சிராதீங்க."

"அதுல காத்து வருதே தம்பி!"

"வரணும்னுதான் வெச்சிருக்கு! இப்ப அடுப்புக்கு மேல இருக்கற ஃபேனைப் போடுங்க. துவாரத்தை ரெண்டு கையாலயும் பொத்துங்க. இங்க பாருங்க."

எதிரே திறந்திருந்த குளியலறையில், பாய்லர் உச்சியருகே அவன் ஒரு தீக்குச்சியைப் பிடித்தான். சுடர் புகைபோக்கிப் பக்கம் போகாமல் அவன் முகத்தை நோக்கிச் சாய்ந்தது. அவள் கையை எடுத்தாள். சுடர் ஒருமுறை தடுமாறிவிட்டுப் புகைபோக்கிப் பக்கம் திரும்பியது.

"பாத்தீங்களா? ஃபேன் வீட்டுக் காத்தை வெளிய தள்ளுது. பதிலுக்கு வர வேற வழியில்லேன்னா புகைபோக்கி வழியாத்தான் காத்து இறங்கும். பாய்லர் விட்ட விஷவாயுவும் அதோட திரும்பி வரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலை வலிக்கும், கால் துவளும். அப்புறம் ஒண்ணுமே தெரியாது."

"ஐயையோ" என்றாள் பிரோஷ்கா. பித்தானை விடாமலேயே அவனுக்கு ஒரு சின்னக் கிளாஸ் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தாள். அவன் படியிறங்கும் சத்தம் அடங்கியதும், வெந்தெலின் கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்துத் துவாரத்தில் திணித்தாள். பித்தானைத்தான் பிடித்தாயிற்றே.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, குளித்துவிட்டு வந்த வெந்தெல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மண்டையைப் பொளக்குது பிரோஷ்கா."

"ஈரத்தலையோட சமையக்கட்டுல நின்னேல்ல? காத்து ஏறியிருக்கு!"

"எங்கேருந்துடி வரும் காத்து? பூச்சிகூட நுழைய முடியாத வீடு இது."

அவள் விடுவாளா? பார்சல் டேப்பை எடுத்துக் காலுறைக்கு மேலே மூன்று வரிசை, ஜன்னல் விளிம்பு நெடுக ஒரு வரிசை என்று ஒட்டினாள். புருஷன் தலையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் தேநீர் போட்டாள்.

மறுநாள் ஞாயிறு, நண்பகல். வெளியே மைனஸ் ஒன்பது. வெந்தெல் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கிடந்தான். பிரோஷ்கா பன்றிக்கறித் துண்டுகளைச் சுத்தியலால் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகைக்காக ஃபேன் முழு வேகத்தில் ஓடியது.

"எத்தனை பொரிக்கறே?" என்று உள்ளிருந்து குரல்.

"உன் தொந்திக்கு எத்தனை வேணும்?"

"ஆறு!"

கொஞ்ச நேரம் கழித்து, "கிழங்கு சாலட்ல வெங்காயம் போடட்டுமா?" என்று கேட்டாள். பதில் இல்லை. "வெந்தெல்?" தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. குளியலறைப் பக்கம் நடந்தவளுக்கு முழங்கால் பஞ்சாகத் துவண்டது.

கால் துவளும் என்று லோராந்த் சொன்னானே.

அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கதவைத் தள்ளினாள். வெந்தெலின் தலை ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீர் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. கன்னம் மட்டும் ரோஜா நிறத்தில், ஆரோக்கியமானவனைப் போல. குழாயை மூடினாள், தொட்டி அடைப்பைப் பிடுங்கினாள், அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். நூறு கிலோ உடம்பு இம்மியும் அசையவில்லை. தன் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்கு வந்து ஃபேனையும் அடுப்பையும் நிறுத்தினாள். ஜன்னல் பிடியைத் திருகினாள். அவள் ஒட்டிய டேப் அவளையே விடவில்லை.

கை தானாகப் பித்தானுக்குப் போனது. பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே உறைபனி, உள்ளே நனைந்த உடம்போடு வெந்தெல். திறந்தால் செத்துப்போவான் என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி அவளுக்குள் அலறினாள். திறக்காவிட்டாலும் செத்துப்போவான்.

கறி தட்டும் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தாள். உள்கண்ணாடி உடைந்தது. இன்னொரு அடி, இன்னொன்று. வெளிக்கண்ணாடியும் பொத்துக்கொண்டு முற்றத்தில் விழுந்து சிதறியது. குளிர் முகத்தில் அறைந்தது.

"யாருடீ அது! பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கீழ்வீட்டு யுஸ்தினா கத்தினாள்.

"ஆம்புலன்சைக் கூப்பிடு! வெந்தெல் போறான்! மேல ஓடி வா!"

யுஸ்தினா திட்டிக்கொண்டேதான் வந்தாள், ஆனால் மகனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மூவரும் வெந்தெலைத் தொட்டியிலிருந்து தூக்கி, போர்வையில் சுற்றி, உடைந்த ஜன்னலடியில் கிடத்தினார்கள். பிரோஷ்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சரக்சரக்கென்று வரும் அவன் மூச்சை எண்ணினாள். ஒவ்வொன்றும் கடைசி மூச்சோ என்று செத்துச் செத்துப் பிழைத்தாள். தலைக்கு மேலே டேப்பில் தொங்கிய காலுறை காற்றில் ஆடியது.

தூரத்தில் ஆம்புலன்ஸ் ஒலி கேட்டபோது அவன் இமை அசைந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"குளுருது..." என்று முனகினான். "யாரு ஜன்னலைத் திறந்தது?"

பிரோஷ்கா அவனைப் போர்வையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஐம்பத்தேழு வருடமாகப் பதில் சொல்லாமல் வைத்திருந்த கேள்வி அது.

"நான்தான்" என்றாள், வாய்விட்டு அழுதுகொண்டே. "நான்தான் திறந்தேன்."