தனியாகப் போனால் நின்றுவிடும் கார்

எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, ஒரு கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்துகொடுத்தவர். ஊரில் எத்தனையோ பேர் அவர் செய்த பல்லால் மென்றார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவரை இழந்த அக்காவும் அவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவின் ஒரே மகள், நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போனால் வரும் இன்னொரு நகரத்தில் குடும்பத்தோடு இருந்தாள்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மகள் வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அதன்பிறகு போன் ஒரு பயனுமில்லாமல் போயிற்று. மகள் போனை அம்மாவின் காதில் வைப்பாள். இவர் "அக்கா, நான்தான்" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வரும். வீடியோவில் காட்டினால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேரில் போனால்தான் இடது கையால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். ஆகவே சனிக்கிழமை தோறும் போனார். முழங்கால் வலிக்காரருக்குப் பஸ் படியின் உயரம் ஆகாது. அவருக்கு இருந்தது அந்தப் பழைய வெள்ளைக் கார் ஒன்றுதான்.

அது வழியில் நிற்கத் தொடங்கியது. மெல்லத் திணறி நிற்பதல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடும். ஓரங்கட்டி, இறங்கி, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒரு சனிக்கிழமை பாலத்தின் மேல், லாரிகளுக்கு நடுவில் நின்றது. போலீஸ்காரர் ஒருவர் மகளின் எண்ணை வாங்கி அவளுக்குச் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே அவள் கூப்பிட்டாள்.

"மாமா, இன்னொரு தடவை அது வழியில நின்னுச்சுன்னா வண்டிய வித்துடணும். நீங்க வரவும் வேணாம்."

"வராம எப்படிம்மா?"

"அம்மாவ நான் அங்க கூட்டிட்டு வர்றேன்."

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு ஆள் தேவைப்படுகிற அம்மாவை அவள் எங்கும் கூட்டி வரப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இனி எழுதுவதில் பாதி பல்செட்டுக்காரர் சொன்னது, பாதி அந்தக் காரைப் பழுதுபார்த்த எலக்ட்ரீஷியன் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் எலக்ட்ரீஷியன் சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எதையும் கூட்டிக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் மெக்கானிக்கிடம்தான் கார் போனது. அவர் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தார். கார் பூப்போல ஓடியது.

"என் பக்கம் சுத்தம் சார். இது கரண்ட் கோளாறு. எதிர்க்கடைக்குப் போங்க."

எதிர்க்கடைதான் எலக்ட்ரீஷியனுடையது. விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார். "கண்டுபிடிக்க முடிஞ்சா இன்ஜின்ம்பான், முடியலன்னா கரண்ட்டும்பான். சாவியக் குடுங்க."

பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தார். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார். எர்த் ஒயரைக் கழற்றி இறுக்கினார். பிறகு அவரும் பக்கத்தில் ஏறிக்கொள்ள, நெடுஞ்சாலைக்கே போய்ப் பாலத்தைத் தாண்டித் திரும்பினார்கள். ஒரு குறையும் இல்லை. பல்செட்டுக்காரர் தனியாக வீட்டுக்குக் கிளம்பினார்; சந்தை முனையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் மறுபடி இருவரும் போனார்கள். நிற்கவில்லை.

தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரு தலையசைப்போடு போய்விடுகிற மனிதர், அந்தச் சவாரிகளில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாராம். மேல்வரிசைப் பல்லை அடுக்குவது எப்படி, மெழுகு எந்தச் சூட்டில் இளகும், அக்கா குழம்பில் உப்பு மறந்த நாளில் நடந்த சண்டை, எல்லாம். எலக்ட்ரீஷியனுக்குக் கடையில் வேலை குவிந்துகிடந்தது. மூன்றாவது சவாரியிலும் கார் ஒழுங்காக ஓடியபோது அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார்:

"பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்னா நேராவே கேளுங்க சார். பாவம், வண்டி மேல ஏன் பழியப் போடுறீங்க?"

பல்செட்டுக்காரர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. கடை வாசலில் இறக்கிவிட்டபோது எலக்ட்ரீஷியனுக்கே சங்கடமாகிவிட்டது. பின் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, சின்ன பல்பு ஒன்றை மாட்டி, டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டிக்கொடுத்தார்.

"பம்புக்குக் கரண்ட் போற வரைக்கும் இது எரியும். நிக்கும்போது இதப் பாருங்க. எரிஞ்சுக்கிட்டே நின்னா அந்த மெக்கானிக் தலையில கட்டிடலாம்."

அன்றே அவர் திரும்பி வந்தார்.

"பல்பு அணைஞ்சுது. அதுக்கப்புறம்தான் வண்டி நின்னுது. நான் கதை கட்டுறவன் இல்ல."

"தெரியும் சார். நான் பேசினது தப்பு. உக்காருங்க."

கோளாறு கரண்டில்தான் என்று உறுதியாயிற்று. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயை மாற்றினார். பயனில்லை. ஃபியூஸ் பெட்டியைக் கழற்றி ஒவ்வொரு முனையாகத் துடைத்தார். பயனில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் எரிகிறது, இல்லையென்றால் அணைகிறது. அப்படியானால் சீட்டின் மேல் விழும் எடைதான் எங்கேயோ ஒயரை அழுத்துகிறது என்று நினைத்தார். ஒரு மூட்டை மணலைத் தூக்கி முன் சீட்டில் வைத்து பெல்ட்டும் மாட்டி அனுப்பினார்.

"இந்த ஆளும் அதிகம் பேச மாட்டாரு சார், பொறுத்துக்குங்க."

மணல் மூட்டையோடும் கார் நின்றது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் அக்காவைப் பார்க்கப் போகவேண்டும். வழியில் நின்றால் அதுவே கடைசிப் பயணம். பல்செட்டுக்காரர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, "நாளைக்கு மட்டும் நீங்க கூட வர முடியுமா?" என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் மச்சினன் வீட்டு விசேஷம் என்றார். உண்மையாகவே விசேஷம்தான்; நான் விசாரித்தேன்.

"இப்போ இன்னொரு தடவை போய்ட்டு வருவோம் சார். எனக்கும் மனசு கேக்கல."

எலக்ட்ரீஷியன் அன்று புதுச் செருப்பு போட்டிருந்தார். அது விரலைக் கடித்தது. ஊர் எல்லை தாண்டியதும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, காலைத் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச தூரம்தான். பல்பு அணைந்தது. இன்ஜினும் அணைந்தது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று பல்செட்டுக்காரர் கத்தினார். இன்ஜின் அணைந்ததற்கு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டதைத் தான் பார்த்ததே இல்லை என்றார் எலக்ட்ரீஷியன்.

கார் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. பதறிய எலக்ட்ரீஷியன் காலைக் கீழே ஊன்றினார். பல்பு எரிந்தது. இன்ஜின் ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டது.

"சார், ஓட்டிக்கிட்டே இருங்க." காலைத் தூக்கினார், சற்றுப் பொறுத்து அணைந்தது. ஊன்றினார், எரிந்தது. "எடை இல்ல சார். கால். என் கால்தான்."

ஓரங்கட்டி, அந்தப் பக்கத்தில் கால் வைக்கப் போட்டிருந்த மிதியடியையும் அதன் கீழிருந்த விரிப்பையும் உரித்தார்கள். அடியில் ஈரம். முன் கண்ணாடியின் ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் பல காலம் இறங்கியிருக்கிறது. முன்னாலிருந்து பம்புக்குப் போகும் ஒயரின் இணைப்பு ஒன்று அங்கேதான் கிடந்தது. பாசி பிடித்தது போலப் பச்சையாகி, உள்ளே முள் தளர்ந்து ஆடியது. மேலே ஒரு கால் அழுத்தினால் சேரும். அழுத்தாவிட்டால் குலுங்கலில் பிரியும்.

எலக்ட்ரீஷியன் மிதியடியைத் திருப்பிப் பார்த்தார். ஒரே இடத்தில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

"இந்தப் பக்கம் யாரு சார் உக்காருவாங்க?"

"அக்காதான். வேற யாரு?"

"எப்படி உக்காருவாங்க?"

பல்செட்டுக்காரர் சிரித்தாராம். "எங்க உக்காந்தா? வழி முழுக்க பிரேக் போட்டுக்கிட்டே வருவா. ஒரு சைக்கிள் எதிர்ல வந்தாப் போதும், அந்தப் பக்கம் கால அழுத்துவா. அங்க பிரேக் இல்லக்கான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு."

"அப்போ இத்தனை நாளா வண்டிய ஓட்டினது அவங்கதான் சார்."

பல்செட்டுக்காரர் மிதியடியை வாங்கி மடித்துப் பின் சீட்டில் வைத்தார்.

பட்டறைக்கு வந்து, கெட்டுப்போன துண்டை வெட்டியெறிந்து, புது ஒயர் போட்டுப் பற்றவைத்து, நனையாதபடி மேல்வழியாகக் கொண்டுபோய்க் கட்டினார்கள். விரிப்பைக் காயவிட்டார்கள். மாலையில் பல்செட்டுக்காரர் தனியாகப் பாலம் வரை போய் வந்தார். நிற்கவில்லை.

"இனிமே நான் தேவைப்பட மாட்டேன் சார்," என்றார் எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா," என்றார் அவர்.

சனிக்கிழமை காலை போனார். அக்காவின் மகள் வாசலில் காரைத்தான் முதலில் பார்த்தாள்.

"நின்னுதா மாமா?"

"நிக்கல."

"நிஜமா?"

"நிஜமா."

"சரி, உள்ள வாங்க. அம்மா முழிச்சிருக்காங்க."

அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, ஈரம், ஒயர், மிதியடியின் ஓட்டை என்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்தபடி வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை என்றார் என்னிடம். இரண்டாம் முறையும் சொன்னாராம்.

திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோது போன் அடித்தது. எலக்ட்ரீஷியன்.

"என்ன சார், எங்கயாச்சும் மக்கர் பண்ணுச்சா?"

"இல்ல."

"பல்பு?"

"எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

"ரொம்ப சந்தோஷம். வேற ஏதாவது கோளாறு?"

பல்செட்டுக்காரர் யோசித்தார். ஹார்ன் அடிக்கிறது, வைப்பர் ஓடுகிறது, விளக்குகள் எல்லாம் எரிகின்றன.

"இப்போதைக்கு ஒன்னும் இல்ல," என்றார்.

இருவரும் உடனே போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் விசேஷ வீட்டின் சத்தம் கேட்டது. குழந்தைகள் ஓடினார்கள், யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள், ஒரு பெண் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் போனைக் காதில் வைத்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எலக்ட்ரீஷியன்தான் முதலில் வைத்தார்.