வாய்க்கால் மேல் போட்ட கல்

ஆறடி நீளக் கருங்கல் அது. என் வீட்டுக்காரர் போனபின் இட்லிக் கடை வைத்த முதல் வருஷம், இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கி வந்து, வாசலில் ஓடிய மழைத்தண்ணீர் வாய்க்கால் மேல் போட்டேன். சாப்பிட வருகிறவர்கள் சேற்றில் நிற்கக் கூடாதல்லவா. ஆடாமலிருக்கச் சுற்றிலும் சிமெண்ட் பூசினேன். சரிந்த சல்லியெல்லாம் உள்ளே விழுந்து வாய்க்கால் அடைத்துக்கொண்டது. தெரிந்தேதான் விட்டேன். என்னைப் பார்த்துத் தெருவே வாசலுக்கு வாசல் கல் போட்டுப் பூசிக்கொண்டது.

தஞ்சாவூரில் எங்கள் தெருவில் பெய்கிற மழை அந்த வாய்க்கால் வழியாகத்தான் கோயில் குளத்துக்குப் போகும். குளம் நிறைந்தால் சித்திரையிலும் கிணற்றில் தண்ணீர் கிடக்கும். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவள். வயல் வாய்க்காலை ஒருத்தன் அடைத்தால் அரிவாள் தூக்குவார்கள். டவுன் வாய்க்காலை மட்டும் நான் சாக்கடை என்றே நினைத்துவிட்டேன்.

முனிசிபாலிட்டி ஓவர்சியரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தினமும் காலையில் என் கடையில் நாலு இட்லி. ஒரு ஆடி மாசம், மழைக்கு முன்னால் கல்லை எடுத்துத் தூர் வாரணும்க்கா என்றார். புருஷன் இல்லாதவள் வாசல்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா என்று நாலு பேர் காதுபடக் கேட்டேன். அவர் நோட்டீஸ் ஒட்டவில்லை. மறுநாள் வந்து, கல்லில் ஏறாமல், நான் பாத்திரம் கழுவி ஊற்றிய சேற்றில் நின்று சாப்பிட்டார். ஏறி நில்லுங்க பாய் என்றேன்.

“இருக்கட்டும்க்கா. கல்லுக்கு அடியில தண்ணி போகட்டும், அப்புறம் ஏறிக்கிறேன்.”

மூன்று மாதம் அப்படியே நின்றார். பாய் நாகூருக்கு நேர்ந்துகிட்டாரு போல என்று கேலி செய்தார்கள். அவரும் சிரிப்பார்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வழியில்லாத தண்ணீர் தெருக்கோடியில் பள்ளத்து வீடுகளுக்குள் புகுந்தது. பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒருத்தி குழந்தையைப் பரணில் கிடத்திவிட்டுக் கீழே தண்ணீரில் நின்றாள். குளமோ பாதிகூட நிறையவில்லை. மேட்டிலிருந்த என் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. முழங்கால் தண்ணீரில் பாய் வந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், உடைச்சிடுங்க என்றேன். அவர் கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.

“நான் அடிச்சா முனிசிபாலிட்டி உடைச்சதுன்னு ஆயிடும். நீங்க அடிங்கக்கா.”

அடித்தேன். சிமெண்ட் பெயர்ந்தது. நாலு ஆள் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மதியத்துக்குள் குளத்தில் தண்ணீர் விழும் சத்தம் கடை வரை கேட்டது.

இப்போது முனிசிபாலிட்டிக்காரர்கள் மற்றத் தெருக்காரர்களை அழைத்து வந்து எங்கள் வாய்க்காலைக் காட்டுகிறார்கள். தானாக முன்வந்து வாசலை உடைத்த அம்மா என்று என்னைச் சொல்கிறார்கள். பாய் கடைசிவரை ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். நானும் தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டேன். பாய் மௌத்தாகி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மூன்று மாதம் என் கழுவுதண்ணீரில் அவர் நின்றதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.